மலைக்கு அப்பால் ஒரு சுரங்கம்: ஹாம் ரேடியோவும் 44-ஆம் எண் வலையும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது இலஞ்சி. மேற்கே திரும்பினால் மலை. அந்த மலை இருப்பதால்தான் சாரல், அருவி, சிற்றாறு, வயல் எல்லாம். ஆனால் ரேடியோ அலைக்கு அதே மலை ஒரு சுவர். ஹாம் ரேடியோக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் 144 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். இலஞ்சியில் ஒரு மாடியில் ஆண்டெனா, மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் ஒரு மாடியில் ஆண்டெனா என்று வைத்தால், தூரம் குறைவுதான் என்றாலும் ஒன்று பேசுவது மற்றொன்றுக்குக் கேட்காது.

ரயிலுக்கும் ஒரு காலத்தில் இதே பிரச்சினை இருந்தது. செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் பாதைக்காக ஆரியங்காவு அருகே மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தார்கள். 1904-ல் அந்த வழியாக ரயில் ஓடியது. மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாக மாறி 2018-ல் மறுபடி முழுவதும் திறக்கப்பட்டது. இன்றும் அந்தச் சுரங்கம்தான் இரண்டு பக்கத்தையும் இணைக்கிறது.

ஹாம் ரேடியோக்காரர்களும் உலகம் முழுவதும் தங்களுக்கென்று சுரங்கங்கள் தோண்டினார்கள். மண்ணில் தோண்டவில்லை, இணையத்துக்குள் தோண்டினார்கள். காசு வாங்காமல் வேலை செய்த சிலர் அந்தச் சுரங்கங்களைப் பல வருடம் காத்து வந்தார்கள். பிறகு ஒரு நாள் அந்த வலையின் கால் பங்கு பத்துக் கோடி டாலருக்கும் மேலான விலைக்குப் போனது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

சம்பாதிப்பதற்காக இல்லாமல், கற்றுக்கொள்வதற்காகவும் சோதனை செய்வதற்காகவும் தனிநபர்கள் நடத்தும் ரேடியோ நிலையம்தான் ஹாம் ரேடியோ. ஆனால் யார் வேண்டுமானாலும் ஒலிபரப்பிவிட முடியாது. பரீட்சை எழுதி அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். இந்தியாவில் மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் இதைத் தருகிறது. 12 வயது நிறைந்தவர்கள் பரீட்சை எழுதலாம். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. இந்தியக் குறிகள் பெரும்பாலும் வி.யு. என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய குறி வி.யு.2.ஆர்.ஜி.

இந்த உரிமத்துக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றை இப்போதே தெரிந்துகொண்டால் பின்னால் வரும் கதை எளிதாகப் புரியும். ஒன்று, வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு, பேசுவதன் பொருளை மறைக்கும் நோக்கத்தோடு சங்கேத மொழியில் அனுப்பக் கூடாது. அதாவது காற்றில் போவதெல்லாம் திறந்த போஸ்ட் கார்டு மாதிரி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மூன்று, ஒரு நாட்டு ஹாம் இன்னொரு நாட்டு ஹாமுக்கு மூன்றாம் நபரின் செய்தியைக் கொண்டுபோவதற்குச் சர்வதேச விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது. பேரிடர் காலத்துக்கு மட்டும் அதில் இடம் உண்டு.

குரலிலிருந்து பொதிக்கு

ஆரம்பத்தில் ஹாம்கள் மோர்ஸ் தந்தியிலும் குரலிலும்தான் பேசினார்கள். கணினித் தகவலை ரேடியோவில் அனுப்பும் யோசனை ஹவாய் பல்கலைக்கழகத்தில் உருவெடுத்தது. ஹவாய் ஒரு தீவுக்கூட்டம். தீவுக்குத் தீவு கம்பி இழுப்பது கஷ்டம். அதனால் பேராசிரியர் நார்மன் ஆப்ரம்சனும் அவருடைய குழுவினரும் 1971-ல் அலோஹாநெட் என்ற ரேடியோ வலையை இயக்கினார்கள். தகவலைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் மேலும் யாருக்கு, யாரிடமிருந்து என்று எழுதி அனுப்புவது அதன் முறை. இந்தத் துண்டைத்தான் ஆங்கிலத்தில் பாக்கெட் என்கிறார்கள். தமிழில் பொதி.

ஹாம்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1978 மே மாதம் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் ஹாம்கள் முதல்முறையாகப் பொதிகளை அனுப்பிப் பார்த்தார்கள். அடுத்து வான்கூவர் குழு கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் உட்காரும் ஒரு சிறு கருவியைச் செய்தது. அதற்கு டி.என்.சி. என்று பெயர். டெலிபோன் மோடம் போலவே கணினி எழுத்தைச் சத்தமாக மாற்றி ரேடியோவுக்குள் விடும், வரும் சத்தத்தை எழுத்தாக மாற்றித் தரும்.

அமெரிக்காவில் 1980 மார்ச் மாதம்தான் கணினி எழுத்து முறையை ரேடியோவில் அனுப்ப ஹாம்களுக்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் ஹாங்க் மக்னுஸ்கி என்ற ஹாம் ஒரு டிஜிபீட்டரை இயக்கினார். டிஜிபீட்டர் என்பது உயரமான இடத்தில் வைக்கும் அஞ்சல் நிலையம். ஒரு பொதியைக் கேட்கும், அதை அப்படியே திருப்பி ஒலிபரப்பும். மலை உச்சியில் ஒன்று வைத்தால் அடிவாரத்தில் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் பேசிக்கொள்ளலாம்.

வேகம் எவ்வளவு தெரியுமா? பெரும்பாலான நிலையங்களில் விநாடிக்கு 1200 பிட். அதாவது விநாடிக்கு 150 எழுத்து. இன்றைய செல்போனில் எடுத்த 2 மெகாபைட் படம் ஒன்றை இதில் அனுப்பினால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் வேறு யாரும் குறுக்கே பேசாமல் இருந்தால்! ஆனாலும் ஒரு செய்தியை எழுத்துப் பிசகாமல், டெலிபோன் கம்பி இல்லாமல் அனுப்ப முடிந்தது. அன்றைக்கு அது பெரிய விஷயம்.

ஒரு கோடியே 67 லட்சம் முகவரிகள்

1981-ல் இணையம் என்பது சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டும் புழங்கிய இடம். அந்த ஆண்டு செப்டம்பரில் ஐ.பி. எனப்படும் இணைய நெறிமுறையின் விளக்கம் ஆர்.எஃப்.சி. 791 என்ற ஆவணமாக வெளியானது. அதற்கு முந்தைய எண்ணுள்ள ஆர்.எஃப்.சி. 790 ஒரு பட்டியல். எந்த வலைக்கு எந்த எண் என்பதை ஜான் போஸ்டல் அதில் தொகுத்திருந்தார். 10 என்ற எண் ஆர்ப்பாநெட்டுக்கு. 44 என்ற எண்ணுக்கு எதிரே இருந்தது ஆம்பர்நெட், அதாவது அமெச்சூர் ரேடியோ சோதனை வலை. அதைக் கேட்டு வாங்கியவர் நாம் மேலே பார்த்த அதே மக்னுஸ்கி.

ஓர் எண்தானே என்று தோன்றும். ஐ.பி. முகவரி நான்கு எண்களால் ஆனது. முதல் எண் 44 என்றால் மற்ற மூன்று இடங்களிலும் 0 முதல் 255 வரை எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மொத்தம் 1,67,77,216 முகவரிகள். உலகத்தில் இருக்கக்கூடிய ஐ.பி. முகவரிகளில் 256-ல் ஒரு பங்கு! அதற்காக யாரும் ஒரு பைசா வாங்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. அப்போது முகவரி என்பது விலை பேசும் பொருளே இல்லை. ஊர்ப் பொது நிலத்தில் களம் போட இடம் கேட்டால் அந்த மூலையை எடுத்துக்கொள் என்று சொல்வது மாதிரி கொடுத்துவிட்டார்கள்.

அந்த இடம் உலகில் உரிமம் பெற்ற எல்லா ஹாம்களுக்கும் பொது. டோக்கியோ ஹாமுக்கும் அதில் பங்கு உண்டு, தென்காசி ஹாமுக்கும் உண்டு. இது முக்கியம். பின்னால் சண்டை வந்தது இதை வைத்துத்தான்.

கார்ன் எழுதிய நிரல்

முகவரி இருந்தால் மட்டும் போதுமா? கணினியில் ஐ.பி. பேசும் மென்பொருள் வேண்டும். அன்று அது பெரிய பெரிய கணினிகளில்தான் ஓடியது. வீட்டுக் கணினியில் ஓடுவதற்கு 1985 வாக்கில் ஒரு நிரல் எழுதத் தொடங்கினார் ஃபில் கார்ன். அவருடைய அழைப்புக்குறி கே.ஏ.9.கியூ. நிரலுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. மூல நிரலையும் சேர்த்து ஹாம்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் இலவசமாகக் கொடுத்தார். சாதாரண டாஸ் கணினியிலேயே அது ஓடியது. அதனால் ரேடியோவே இல்லாத பல கல்லூரிகளும் இணையத்தைத் தொட அதைப் பயன்படுத்தின.

ரேடியோவில் வேலை செய்ததால் கார்னுக்கு ஒரு சிக்கல் நன்றாகப் புரிந்தது. ஒரு பொதியை அனுப்புகிறோம். பதில் வரவில்லை. மறுபடி அனுப்புகிறோம். இப்போது பதில் வருகிறது. அது முதலில் அனுப்பியதற்கான பதிலா, இரண்டாவதாக அனுப்பியதற்கா? தவறாகக் கணக்குப் போட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற மதிப்பீடே கெட்டுப்போகும். வலை நெரிசலாக இருக்கும்போது எல்லோரும் அவசரப்பட்டு மறுபடி மறுபடி அனுப்பி, நெரிசலை இன்னும் கூட்டிவிடுவார்கள்.

கார்ன் சொன்ன தீர்வு எளிமையானது. இரண்டு முறை அனுப்பிய பொதியின் பதிலை வைத்து நேரத்தைக் கணிக்காதே. சந்தேகமில்லாத பதில் வரும் வரை காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போ. 1987-ல் கிரேக் பார்ட்ரிட்ஜுடன் சேர்ந்து அவர் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இது கார்ன் வழிமுறை என்ற பெயரில் டி.சி.பி. விதிகளில் சேர்ந்துவிட்டது. இன்று நம் கையில் இருக்கும் செல்போனுக்குள்ளும் இந்த யோசனை இருக்கிறது.

தீவுகளை இணைத்த சுரங்கம்

இப்போது முக்கியமான சிக்கலுக்கு வருவோம். 1980-களின் கடைசியில் உலகத்தில் பல ஊர்களில் ஹாம் பொதி வலைகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தீவு. சான் டியாகோவில் ஒரு கூட்டம், லண்டனில் ஒரு கூட்டம், நடுவில் கடல். எல்லாருடைய முகவரியும் 44 என்றுதான் தொடங்கும். ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப வழி இல்லை.

இணையத்தில் ரூட்டர்கள் எப்படி வழி சொல்கின்றன? 44 என்று தொடங்கும் பொதிகள் எல்லாம் இந்தப் பக்கம் என்று ஒரே வரியில் சொன்னால் ரூட்டருக்குச் சுலபம். 44-ல் இந்த நூறு லண்டனுக்கு, அந்த நூறு டோக்கியோவுக்கு என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு இணையச் சேவை நிறுவனமும் ஒத்துழைக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக நடக்கும் ஒரு வலைக்கு யார் அதைச் செய்வார்கள்?

அதற்குத்தான் சுரங்கம். ஆங்கிலத்தில் டனல். ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். இலஞ்சியில் ஒரு ஹாம், புனலூரில் ஒரு ஹாம் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 44 முகவரி உண்டு. அவரவர் ஊரில் ஒரு கணினி ஒரு கையில் ரேடியோவையும் மறு கையில் சாதாரண இணைய இணைப்பையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் கேட்வே, நுழைவாயில். இலஞ்சி ஹாம் அனுப்பும் பொதி ரேடியோ வழியாக நுழைவாயிலுக்கு வரும். நுழைவாயில் அந்தப் பொதியைப் பிரிக்காமல், அதை இன்னொரு கவருக்குள் போடும். வெளிக் கவரின் மேல் புனலூர் நுழைவாயிலின் சாதாரண இணைய முகவரியை எழுதும். இணையத்துக்குத் தெரிவதெல்லாம் வெளிக் கவர் மட்டும்தான். அது போய்ச் சேர்ந்ததும் புனலூர் நுழைவாயில் கவரைக் கிழித்து, உள்ளே இருக்கும் 44 பொதியை எடுத்து, ரேடியோவில் விடும். மலை ஏறவே இல்லை. இதற்கு ஆகும் செலவு ஒரு பொதிக்கு 20 பைட் கூடுதல் எடை, அவ்வளவுதான்.

ஆனால் எந்த 44 முகவரி எந்த நுழைவாயிலுக்குப் பின்னால் இருக்கிறது என்று இலஞ்சி கணினிக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலைக் காத்தவர் பிரையன் கான்டர், சான் டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஹாம். யூஸ்நெட் செய்திகளைக் கொண்டுபோகும் என்.என்.டி.பி. நெறிமுறையை 1986-ல் எழுதியவர்களில் ஒருவர். ஹாம் பொதிகளை ஐ.பி.க்குள் வைத்து அனுப்பும் முறையைப் பற்றி 1991-ல் ஆர்.எஃப்.சி. 1226 எழுதியவரும் அவரே. பல வருடங்கள் 44 முகவரிகளின் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு ஹாம் தொண்டராக இருந்து தன் நாட்டுப் பங்கைப் பிரித்துக் கொடுப்பார். நுழைவாயில் நடத்துபவர்கள் தங்கள் விவரத்தைப் பதிவு செய்வார்கள். மற்றவர்கள் பட்டியலை இறக்கி, தங்கள் கணினியில் சுரங்கங்களை அமைத்துக்கொள்வார்கள். பிறகு சான் டியாகோ கணினியே சில நிமிடங்களுக்கு ஒருமுறை இந்த விவரத்தை எல்லா நுழைவாயிலுக்கும் அனுப்பும் ஏற்பாடு வந்தது.

குறைகளும் இருந்தன. வெளி இணையத்திலிருந்து 44-க்கு வரும் பொதிகள் எல்லாம் முதலில் சான் டியாகோவுக்குத்தான் போகும். ஜெர்மனியில் சாதாரண இணையத்தில் இருப்பவர் பக்கத்துத் தெரு ஹாமின் 44 கணினியைத் தொட வேண்டுமானால் அவருடைய பொதி அட்லாண்டிக்கைத் தாண்டி, அமெரிக்காவின் மறுகரை வரை போய்த் திரும்பி வர வேண்டும்! பதில் அனுப்புவதிலும் சிக்கல். திருட்டு முகவரி போட்டுத் தாக்குதல் நடத்துபவர்களைத் தடுக்க, தங்களுக்குச் சொந்தமில்லாத முகவரியிலிருந்து கிளம்பும் பொதிகளை இணைய நிறுவனங்கள் வடிகட்டத் தொடங்கின. 2000-ல் இதுவே பரிந்துரையாகவும் வந்தது. பாவம், 44 பொதியும் அந்த வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும். அதனால் பதிலும் சுரங்கம் வழியாகவே போக வேண்டியதாயிற்று. பின்னாளில், வசதி உள்ளவர்கள் தங்கள் பங்கு முகவரிகளை இணைய நிறுவனம் மூலம் நேரடியாகவே உலகுக்கு அறிவிக்கலாம் என்ற அனுமதியும் வந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுரங்கத்தின் இணையப் பகுதியில் தகவலைப் பூட்டி அனுப்பலாம், தடை இல்லை. ஆனால் அதே தகவல் காற்றில் இறங்கியதும் திறந்த போஸ்ட் கார்டாக இருந்தாக வேண்டும். இன்றைய இணையத் தளங்கள் பெரும்பாலும் பூட்டிய முறையில்தான் இயங்குகின்றன. அதனால் இணையத்தையே அப்படியே ஹாம் ரேடியோவில் கொண்டுவந்து விடலாம் என்று நினைப்பது நடக்காது.

காலி நிலத்தில் கேட்ட சத்தம்

1,67,77,216 முகவரிகளில் ஹாம்கள் உண்மையில் பயன்படுத்தியது கொஞ்சம்தான். மீதி காலி. ஆள் இல்லாத வீட்டுக்கு யாராவது கடிதம் போட்டால் என்ன அர்த்தம்? ஒன்று தவறான விலாசம், இல்லையென்றால் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கும் திருடன்.

சான் டியாகோ ஆய்வாளர்கள் இந்தக் காலி முகவரிகளைக் காது கொடுத்துக் கேட்கும் கருவியாக மாற்றினார்கள். வலைத் தொலைநோக்கி என்று அதற்குப் பெயர். 2001 ஜூலை 19-ஆம் தேதி கோட் ரெட் என்ற புழு நிரல் 14 மணி நேரத்துக்குள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியதை அளந்து சொன்னது இந்தத் தொலைநோக்கியின் பதிவுகள்தான். யாரும் குடியேறாத நிலமும் ஊருக்குப் பயன்பட்டது!

தேனியில் நடந்தது

இதெல்லாம் அமெரிக்காவில் நடந்ததுதானே, நம் பக்கம் என்ன என்று கேட்கலாம். ஹாம் ரேடியோவின் நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்க ஒரு வலை இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனியில் நடந்தது.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு கிளை உண்டு. கிராமத்தில் இருப்பவர் கண் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வர வேண்டும். அதனால் பலர் வருவதே இல்லை. கிராமத்திலேயே சிறு கண் மையம் வைத்து, பயிற்சி பெற்ற பணியாளர் பரிசோதித்து, தேனியில் இருக்கும் டாக்டரிடம் நோயாளியை வீடியோவில் பேச வைத்தால்? யோசனை நல்லது. ஆனால் கிராமத்துக்கு இணையம் இல்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து பேராசிரியர் எரிக் ப்ரூவரின் குழு வந்தது. வீட்டுக்குள் பயன்படும் வைஃபை கருவிகளை எடுத்து, கோபுரத்தில் திசை ஆண்டெனா வைத்து, பல கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பினார்கள். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005 ஜனவரியில் உரிமம் தேவையில்லை என்று அரசு அறிவித்திருந்தது. 2006-ல் தேனியோடு ஐந்து கண் மையங்கள் இணைந்திருந்தன.

இங்கேயும் கார்னின் அதே சிக்கல்! வைஃபை ஒவ்வொரு பொதிக்கும் உடனடியாகப் பதிலை எதிர்பார்க்கும். 15 கிலோமீட்டரைக் கடக்க ரேடியோ அலைக்கு 50 மைக்ரோவிநாடி ஆகும். பதில் திரும்பி வர இன்னொரு 50. அதற்குள் வைஃபை பொறுமை இழந்து மறுபடி அனுப்பிவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்காமல் மொத்தமாகப் பதில் சொல்லும் முறையை, இரு பக்கமும் முறை வைத்துப் பேசும் ஏற்பாட்டோடு சேர்த்து எழுதினார்கள். சுரங்கமும் வந்தது. வெளியிலிருந்து தேனி வலைக்குள் நேராக நுழைய முடியாது. அதனால் உள்ளே இருக்கும் ரூட்டரே பெர்க்லிக்கு ஒரு சுரங்கம் திறந்து வைக்கும். அதன் வழியாகப் பழுது பார்ப்பார்கள்.

ஆனால் அவர்களைப் படுத்தியது அலையும் இல்லை, மலையும் இல்லை. மின்சாரம்! மின்னழுத்தம் ஏறி இறங்கி நினைவு அட்டைகள் கெட்டுப்போயின, கருவிகள் பாதி உயிரோடு நின்றன. பழுதுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தால் வந்தவை என்று 2008-ல் அந்தக் குழுவே எழுதியது. மின்னழுத்தம் குறைந்தால் தானே துண்டிக்கும் சுற்று, எழுத முடியாதபடி பூட்டிய நினைவு அட்டை என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவமனையின் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பிய பிறகும் வலை உயிரோடு இருக்க வேண்டுமானால் அதுதான் வழி என்பது அவர்கள் கண்ட பாடம். பிரையன் கான்டரின் பட்டியல் சொல்லும் பாடமும் அதுவேதான். கோபுரம் கட்டுவது ஒரு வாரத்து வேலை. அதை நாள்தோறும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

2019: விலை போன கால் பங்கு

2011 பிப்ரவரியில் உலக மையத் தொகுப்பில் புதிய ஐ.பி. முகவரிகள் தீர்ந்துபோயின. அதுவரை சும்மா கிடைத்த முகவரிக்குச் சந்தை வந்தது. அதே ஆண்டு 44-ஐக் காத்தவர்கள் கலிஃபோர்னியாவில் ஏ.ஆர்.டி.சி. என்ற லாப நோக்கற்ற அமைப்பைப் பதிவு செய்தார்கள்.

2019 ஜூலையில் அந்த அமைப்பு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 44.192 முதல் 44.255 வரை, அதாவது மொத்தத்தில் கால் பங்கு, சுமார் 42 லட்சம் முகவரிகள் அமேசான் நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டன. கிடைத்த தொகை பத்துக் கோடி டாலருக்கும் மேல். முகவரி ஒன்றுக்குச் சுமார் 25 டாலர்.

ஹாம்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கத்தின் வாதம்: 38 வருடம் ஆகியும் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. இன்று விலை இருக்கிறது, நாளை ஐ.பி. ஆறாம் பதிப்பு பரவினால் விலையே இருக்காது. பணத்தை வங்கியில் போட்டு வைத்தால் ஹாம் ரேடியோ ஆராய்ச்சிக்கும் மாணவர் உதவித்தொகைக்கும் என்றென்றும் பயன்படும். மறுபக்கத்தின் வாதம்: இது உலக ஹாம்கள் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்த இடம். பட்டியலைக் காத்தவர்கள் காவலர்கள்தானே தவிர உரிமையாளர்கள் அல்ல. கேட்டுவிட்டு விற்கலாம், விற்றுவிட்டுச் சொன்னது சரியா? விற்ற பகுதிக்குள் ஜெர்மன் ஹாம்கள் குடியிருந்தார்கள். அவர்கள் வேறு முகவரிக்கு மாற வேண்டி வந்தது.

இரண்டு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. விற்ற பணம் யாருடைய சொந்தப் பைக்கும் போகவில்லை என்பதும் உண்மை. அந்த அமைப்பு ஆண்டுதோறும் பல திட்டங்களுக்கு நிதி கொடுத்து வருகிறது. ஆனால் முறை என்ற ஒன்று உண்டு. ஊர்க் குளத்தில் தண்ணீர் இல்லாத மூலையை விற்றுக் கோயிலுக்குக் கூரை போட்டாலும், ஊர்க்கூட்டம் கூட்டாமல் செய்தால் ஊர் பேசத்தான் செய்யும். கணக்கு சரியாக இருப்பது போதாது, கேட்டுச் செய்திருக்கவும் வேண்டும். பிரையன் கான்டர் அதே ஆண்டு நவம்பரில் காலமானார். அத்தனை வருடம் அந்த வலை நின்றது அவர் மேல் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கையால்தான் என்பதை அவரைக் குறை சொன்னவர்களும் மறுக்கவில்லை.

இன்னும் இது எதற்கு?

எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது இந்தப் பழைய வலை எதற்கு என்று கேட்பது இயல்பு. இரண்டு டிசம்பர்களைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்திய ஹாமின் தலைமையில் ஒரு குழு அந்தமானில், போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி. தீவுகளின் தொலைபேசி அறுந்தது. பொழுதுபோக்காகப் போன அந்த நிலையம் அன்று முதல் உறவினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் செய்தி சொல்லும் நிலையமாக மாறியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பேய் மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் சுமார் 800 பயணிகளுடன் வெள்ளத்தில் நின்றது. மின்சாரம் போனது, செல்போன் தொடர்பும் பல இடங்களில் போனது. குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடித் தாமிரபரணியில் சேர்ந்து அந்த ஸ்ரீவைகுண்டம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. மேலே மழை பெய்கிறது என்ற செய்தி தண்ணீருக்கு முன்னால் கீழே போய்ச் சேர வேண்டும். அதற்குக் கம்பெனி கோபுரத்தை மட்டும் நம்பாத ஒரு வழி இருந்தால் நல்லது.

அப்படி ஒரு வழி அமைக்கப் பெரிய பணம் வேண்டாம். ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி, ஒரு பழைய கணினி, உரிமம் உள்ள நாலு பேர் போதும். 44-ல் மீதி முக்கால் பங்கு, ஒரு கோடியே 25 லட்சம் முகவரிகள், இன்னும் ஹாம்களுக்காகவே இருக்கிறது. இந்திய ஹாம்களும் அதில் கேட்டு வாங்கலாம். இல்லாதது கருவி இல்லை. மழை இல்லாத மாதத்திலும் பேட்டரி சார்ஜ் இருக்கிறதா, பட்டியல் சரியாக இருக்கிறதா என்று போய்ப் பார்க்கும் ஆள்தான் வேண்டும்.

ஆரியங்காவுச் சுரங்கத்தைக் குடைந்தவர்கள் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தண்டவாளத்தை இன்றும் ஒருவர் தினமும் நடந்து பார்த்துக்கொண்டிருப்பார். ரயில் ஓடுவது அவரால்தான்.